க்வினுக்கு ராஜா அப்பா வேண்டாம்

சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ என்ற மாயக்கதை நாவல் வரிசையை இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பதிவை இப்போதைக்குத் தாண்டிப் போய்விடுங்கள். கதை முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் சொதி. விடுதியிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். சோற்றில் சொதியை ஊற்றி, இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். “சித்தி, க்வின் சும்மா ஒரு கோயில் பொண்ணா இருக்கவே முடியாது. கண்டிப்பா ஏதோ பெரிய இடத்து வாரிசு. இல்லன்னா அஸ்ரியலுக்கு எப்படிச் சரிவரும்?”

“ஏட்டி, ஏன் சரிவராது?” என்றேன். க்வின் அந்தக் கதையில் கோயில் பூசாரிப் பெண். அஸ்ரியல், அரசன் ரீசாண்டோடு வளர்ந்த வீரன். இரண்டு பேரும் ஜோடி சேர்வார்கள் என்று வாசகர்கள் பலர் ஊகிக்கிறார்கள். கை காய்ந்து போகும் வரை பேசினோம். அவளிடம் சொன்னதையும், அப்போது சொல்ல வராததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

யாருக்கு யார் அப்பா என்று கதைக்குள் துப்புத் தேடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். லூசியன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரோன் என்ற ஆட்சியாளன் வீட்டுக் கடைசிப் பிள்ளை. ஆனால் அண்ணன்மாருக்கு இல்லாத பழுப்பு மேனி. அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அப்புறம் 2017இல் வந்த மூன்றாம் புத்தகத்தில் ஹீலியன் என்ற இன்னொரு ஆட்சியாளன் வருகிறான். பெரோன் மனைவியோடு அவனுக்கு இருந்த பழைய உறவு தெரியவருகிறது. அவன் முகத்தில் லூசியனின் முகத்தைக் கதாநாயகி ஃபேரா கண்டுபிடித்துவிடுகிறாள். கல்யாண வீட்டில் நம் ஆச்சிமார் ஒரு பிள்ளையின் நெற்றியையும் நடையையும் பார்த்தே “இது இன்னார் வீட்டுச் சாடைல்லா” என்று சொல்வார்களே, அதேதான். எழுதினவர் சாடையை எழுத்தில் வைத்திருந்தார், வாசித்தவர்கள் பிடித்தார்கள். லூசியனுக்கே தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருப்பதில் எவ்வளவு வலி இருக்கிறது! இப்படிப்பட்ட ஊகங்களுக்கு நான் ராத்திரி முழுக்க விழித்திருப்பேன்.

யாருக்கு யார் ஜோடி என்ற சண்டையும் எனக்குப் புரிகிறது. ஃபேரா, நெஸ்டா, ஈலேன் மூவரும் அக்கா தங்கைகள். ரீசாண்ட், காசியன், அஸ்ரியல் மூவரும் அண்ணன் தம்பிகளாய் வளர்ந்தவர்கள். ஃபேராவுக்கு ரீசாண்ட், நெஸ்டாவுக்கு காசியன், அப்படியென்றால் ஈலேனுக்கு அஸ்ரியல்தானே என்று கேட்கிறார்கள். 2021இல் வந்த ஐந்தாம் புத்தகத்தின் கூடுதல் அத்தியாயத்தில் அஸ்ரியலே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறான். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கு ஒரே வீட்டு அக்கா தங்கைகளைக் கொடுத்த குடும்பங்களை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம், அதனால் அந்தக் கணக்கு நமக்கு இன்னும் இயல்பாகப் படும். எதிர்ப்பக்கம் லூசியன், ஈலேனுக்கு விதி முடிச்சுப் போட்ட ஜோடி. இங்கே பிறந்த அன்றைக்கே “இவ எம் மருமவ” என்று அத்தை சொல்லிவிட்டுப் போவது மாதிரி, மனிதரை ஃபே என்ற மாய இனமாக மாற்றும் மந்திரக் கொப்பரையிலிருந்து நனைந்து நடுங்கி வெளியே விழுந்த நிமிடத்திலேயே ஈலேனுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்து சொல்லும் வரை நான் எந்தக் கட்சியும் இல்லை.

க்வின் விஷயத்தில்தான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவளைப் பற்றிப் புத்தகம் சொல்வது இவ்வளவு: பாட்டி நதிப்பெண். சங்ராவா கோயில் தாக்கப்பட்டபோது கூடப்பிறந்த இரட்டைச் சகோதரியை இழந்தவள். அதன்பிறகு தஞ்சம் புகுந்த நூலகத்தை விட்டு வெளியே வரவே பயந்தவள், ஒருநாள் படியேறிப் பயிற்சிக்கு வருகிறாள். பயிற்சி பெறும் பெண்களில், சோதனையாகத் தொங்கவிட்ட வெள்ளை ரிப்பனை வாளால் முதலில் வெட்டியவள் அவள்தான். நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

அவள் பாடும்போது ஒளிர்கிறாள் என்பதை வைத்து, வழி தப்பியவர்களை மயக்கிக் கொல்லும் ஒளிப்பாடகி இனம் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, அதற்காவது எழுத்தில் ஒரு பிடி இருக்கிறது. ஆனால் அவள் ஏதோ ஒரு ராஜவம்சத்தின் மறைந்த வாரிசு என்று சொல்வதற்கு என்ன பிடி? அஸ்ரியலுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அஸ்ரியலும் காசியனும் முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்து, அதற்காகவே அவமானப்பட்டவர்கள். அவர்களை அப்படியே நேசிக்கிற நாம், க்வினுக்கு மட்டும் குலம் தேடுகிறோம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், இதே வேலையை நம் ஊரில் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்களுக்குப் பட்டவராயன் சன்னதி தெரியும். காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்ட தோல் செருப்புகள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். பட்டவராயன் போட்டு நடந்து நடந்துதான் செருப்பு தேய்கிறது என்று எங்கள் ஆச்சி சொல்வாள். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்காவைக் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்தவன். அவர்களுடைய அப்பா வாலப்பகடை சக்கிலியர். வில்லுப்பாட்டில் ஊர் ஊராகப் பாடப்பட்ட கதை. அதிலேயே சில பாடங்களில், அந்த இரண்டு பெண்களும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பிறப்புக் கதை ஒட்டிக்கொண்டது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை 1971இல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தவர். அந்தப் பிறப்புக் கதையைப் பிற்காலச் சேர்க்கை என்றே அவர் கருதினார். மதுரைவீரனுக்கும் இப்படித்தான் காசிராஜா மகன் என்று ஒரு பிறப்பு.

யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு பெண்களும் பிராமணர்கள் என்றால் முத்துப்பட்டன் எதற்காகப் பூணூலை அறுத்தான்? அவன் தைத்த செருப்புக்கு என்ன அர்த்தம்? ஒரு அப்பாவை மாற்றியதும் அந்தக் காதல் முழுக்க வீணாகிப் போகிறது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு கற்பனை உலகத்துப் பெண்ணுக்காக இவ்வளவு நீளம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள்: “அப்போ அந்த நதிப்பெண் பாட்டியே போதும்ங்கியா சித்தி?”

“போதும்ட்டி.”

“ஆனா அஸ்ரியல் கொடுத்த அந்தச் சங்கிலி? ஈலேன் திருப்பிக் கொடுத்ததத்தான க்வினுக்குக் கொடுத்து விட்டான்?”

அதில் எனக்கும் அவன்மேல் தீராத கோபம்தான். க்வினுக்கென்று புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம்.