கொடுப்பதை நிறுத்தினால் குண்டு நிற்குமா?

உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்தினால் போர் தானாக முடிந்துவிடும் என்று பாம்பன், மண்டபம் பக்கம் என் நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. நிறுத்தவே கூடாது என்பேன்.

வரத்து நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. 2023 கடைசியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் உதவி மசோதாவை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். உக்ரைன் வீரர்கள் பீரங்கிக் குண்டை எண்ணி எண்ணிச் சுட வேண்டியிருந்தது. ரஷ்யா சுடுவதைக் குறைத்துக்கொண்டதா? 2024 பிப்ரவரியில் உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் விழுந்தது. சுமார் 6,100 கோடி டாலர் மசோதா நிறைவேறியது ஏப்ரலில்தான். 2025 மார்ச்சில் அமெரிக்கா சில நாள் உதவியை நிறுத்திவைத்தபோதும் ஏவுகணைகள் விழுந்துகொண்டேதான் இருந்தன.

1994-ல் புடாபெஸ்டில் போட்ட கையெழுத்தும் இருக்கிறது. உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் வாக்குக் கொடுத்தன. இருபதே வருஷத்தில் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அடி விழும்போது ‘எங்கள் வரிப்பணம்’ என்று கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

சரி, நம் கரையில் உக்ரைன் மேல் இருக்கும் கோபம் எனக்கும் தெரியும். இலங்கை விமானப்படைக்கு மிக்-27 விமானங்களை விற்றது உக்ரைன். கிபிர் என்ற குண்டுவீச்சு விமானத்தை இஸ்ரேல் கொடுத்தது. மண்டபம் முகாமில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா, 2006-க்கு அப்புறம் வன்னியிலிருந்து படகில் வந்து அரிச்சல்முனை மணல்திட்டில் இறங்கியவர். உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் இன்றைக்கும் கையிலிருக்கும் குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். “கிபிர் சத்தம் கேட்டா பிள்ளையளத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுறதுதான் தம்பி, வேற என்ன செய்யிறது” என்றார் ஒருமுறை.

அவர் ஊருக்கு மேலே வானத்தைக் காக்க ஒரு நாடும் எதுவும் அனுப்பவில்லை. 2009 மே மாதம் எப்படி முடிந்தது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உக்ரைனின் கார்கிவ் நகரில் குண்டுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையத்தில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த பெண்ணா அந்த மிக் விமானத்தை விற்றாள்? அவள் அரசு செய்த வியாபாரத்துக்கு அவள் வீட்டுக் கூரை பதில் சொல்ல வேண்டும் என்றால், அதை என்னால் ஏற்க முடியாது.

அதற்காகக் கேள்வியே கேட்காமல் அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் போக வேண்டியது, வரும் ஏவுகணையை வானிலேயே அடித்து வீழ்த்தும் பேட்ரியாட் போன்ற வான்காப்பு. கொடுத்ததற்குக் கணக்கு வேண்டும். ஊர்மக்கள் மேல் போடவோ இன்னொரு நாட்டுக்கு விற்கவோ கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதே அளவுகோல் இஸ்ரேலுக்கும்தான். காஸாவில் வீடுகள் மேல் விழும் குண்டுகளை அமெரிக்கா தொடர்ந்து அனுப்புவதை நான் எதிர்க்கிறேன்.

படை அனுப்புவது மட்டும் வேண்டாம். 1987-ல் இந்தியப் படை இந்தக் கடலைத் தாண்டிப் போனது. 1990-ல் திரும்புவதற்குள் நம் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், காக்கப் போன மக்களும் செத்தார்கள். ஆயுதம் கொடுங்கள். சண்டையா சமாதானமா என்பதை அந்த மண்ணில் இருப்பவர்கள் முடிவு செய்யட்டும்.