ஒத்தச் செருப்பும் பாரதி யானையும்

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு கவிதை எழுதினேன். எட்டே வரி. வாசல்ல ஒத்தச் செருப்பு மட்டும் கிடக்கு, ஜோடியக் காணோம், மழை வர்ற மாதிரி இருக்கு, இத எடுத்து உள்ள வைக்கிறதா அப்படியே விட்டுடறதா, அவ்ளோதான் கவிதை. நாலு மாசம் கழிச்சு அப்பா போயிட்டார். அதுக்கப்புறம் அதப் படிச்ச ஒருத்தர் விடாம எல்லாரும் சொல்றது "அப்பாவப் பத்தி என்னமா எழுதிருக்கீங்க, கண்ணு கலங்கிருச்சு". யோவ், நான் அத எழுதினப்ப அப்பா உள்ள ரூம்ல சத்தமா வால்யூம் வச்சு டிவி பாத்துட்டு இருந்தார்யா.

இத ஏன் சொல்றேன்னா, கவிஞனோட வாழ்க்கைய வச்சு கவிதையப் படிக்கலாமா கூடாதாங்கிற சண்டை போன வாரம் எங்க வாட்ஸ்அப் குரூப்ல நடந்துச்சு, ரெண்டு கட்சியும் எனக்கு ஒத்து வரல. வாழ்க்கை தெரியாம கவிதை புரியாதுன்னு ஒரு கட்சி. கவிதை மட்டும்தான் முக்கியம், ஆளத் தூக்கிக் கடாசுன்னு இன்னொரு கட்சி. எனக்கு வாழ்க்கையோட பிரச்சனையே இல்ல. சாவோடதான் பிரச்சனை. கவிஞன் எப்படி முடிஞ்சான்னு நமக்குத் தெரியும், எழுதும்போது அவனுக்குத் தெரியாது, இந்த ஒரு விசயத்த நாம மறந்துடறோம்.

பாரதிய எடுங்க. "காலா உனை நான் சிறு புல்லென மதிக்கிறேன்"னு பாடினவர் 39 கூட முடியாம போயிட்டார், அதனால அந்த வரிய யார் மேடைல சொன்னாலும் பின்னாடி ஒரு சோக மியூசிக் தானா ஓட ஆரம்பிச்சுருது. கூடவே யானை கதை. திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிவிட்டுத்தான் செத்தார்னு இன்னமும் எவ்ளோ பேர் நம்பறாங்க. யானை தள்ளினது நெசம்தான், ஆனா அதுல இருந்து எந்திரிச்சு வந்து சுதேசமித்திரன் பத்திரிகைல வேலை பாத்தார், ஈரோடு கருங்கல்பாளையம் வரைக்கும் போய் பேசினார், கடைசில 1921 செப்டம்பர்ல ஆளக் கொண்டு போனது வயித்துக்கடுப்பு. கருங்கல்பாளையத்துல பேசின தலைப்பு என்ன தெரியுமா, மனிதனுக்கு மரணமில்லை. இன்னைக்கு நமக்கு அதக் கேட்டா அய்யோன்னு இருக்கு. ஆனா அந்த மேடைல நின்ன ஆளுக்கு அது அய்யோ இல்ல, நெஜமாவே நம்பிப் பேசிருக்கார். அந்தத் திமிரத் திமிராவே படிக்க விடாம, நம்ம பரிதாபத்த அது மேல ஊத்தி ஊத்தி நனைச்சு வச்சிருக்கோம்.

கண்ணம்மா கதை இன்னும் மோசம். சின்னஞ்சிறு கிளியே பாட்ட மகளுக்காக எழுதினார்னு சத்தியம் பண்றவங்க இருக்காங்க. தூக்கி வளத்த பொண்ணுங்க வீட்ல இருக்கும்போது அந்த வாசனை பாட்டுல வராம இருக்காது, ஒத்துக்கறேன். ஆனா பராசக்தியக் குழந்தையாக் கண்டு பாடினதுன்னு பாட்டுத் தலைப்புக்குக் கீழயே இருக்கு. அதே கண்ணம்மாதான் இன்னொரு பாட்டுல காதலி, இன்னொண்ணுல குலதெய்வம். ஆளக் கண்டுபிடிச்சு அட்ரஸ் குடுத்தே ஆகணும்னு நிக்கறவங்களுக்கு இது தாங்காது.

சரி அப்போ வாழ்க்கையே வேணாமான்னா, அங்கதான் நான் அடுத்த கட்சிகிட்டயும் சண்டைக்குப் போறேன். புறநானூறு 112, பாரி மகளிர் பாட்டு, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கினது. அஞ்சே வரி. போன மாசம் இதே நிலா வெளிச்சத்துல அப்பா இருந்தார், குன்றும் எங்ககிட்ட இருந்துச்சு, இந்த மாசம் இதே நிலா, "வென்று எறி முரசின் வேந்தர்" குன்றப் புடிச்சுட்டாங்க, அப்பாவும் இல்ல. யாரு எவருன்னே தெரியாம படிச்சாலும் தொண்டை அடைக்கும், அதுக்கு வரலாறு தேவையில்ல. ஆனா அந்த "வென்று"ங்கிற வார்த்தைய நான் ரொம்ப வருசம் சும்மா ஜெயிச்ச ராஜாக்கள்னுதான் படிச்சிட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் பழைய உரையப் பாத்தா அது இகழ்ச்சிக் குறிப்பாம்! மூணு வேந்தரும் சேந்து பறம்பு மலைய முற்றுகை போட்டும் ஒண்ணும் பண்ண முடியாம வஞ்சனையாப் பாரியக் கொன்னுருக்காங்க, அத வச்சுப் பாத்தா அந்தப் பொண்ணுங்க அழுதுட்டே மூணு பேர் மூஞ்சிலயும் துப்பிருக்காங்க, ஆமாடா பெரிய வெற்றி, அடிங்கடா முரசுன்னு. ஒரே ஒரு வார்த்தைதான், மொத்தப் பாட்டோட குரலே மாறிப்போச்சு. இத எப்படி வேணாம்னு தூக்கிப் போடுவீங்க?

இதுல கவனிங்க, அந்தப் பொண்ணுங்களுக்கு நடந்தது தெரியும், தெரிஞ்சுதான் பாடுறாங்க. நாம பின்னாடி இருந்து கொண்டு போய் சேத்தது இல்ல. எனக்கு இதுதான் கணக்கு. பாடுற அன்னைக்கு அந்த ஆள் கையில என்ன இருந்துச்சோ அதக் கொண்டு வா, உள்ள விடறேன். அதுக்கப்புறம் நடந்தத வாசல்லயே விட்டுட்டு வா.

ஆளே தெரியாத கவிதையும் இருக்கே. செம்புலப்பெயல்நீரார்னு குறுந்தொகைல இருக்கறது பேரா அது, அந்தாளு எழுதின உவமைய எடுத்து அவருக்கே பேரா வச்சிருக்காங்க. செம்மண்ல விழுந்த மழைத்தண்ணி மாதிரி ரெண்டு நெஞ்சு கலந்துருச்சு, அதத் தவிர அவரப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, கவிதைக்கு அதுல என்ன கொறஞ்சு போச்சு? அகப்பாட்டுல யார் பேரையும் சுட்டிச் சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியமே ரூல் போட்டிருக்கு. (அந்த ரூலையும் தாண்டி அகநானூறு 147ல அவ்வையார் "வெள்ளிவீதியைப் போல" நானும் கிளம்பிப் போயிருவேன்னு இன்னொரு பெண் கவிஞர இழுத்துவிடறார். கிசுகிசு ஆசை நமக்கு மட்டும் இல்ல போல.)

ஆனா இந்தப் பின்னாடி இருந்து படிக்கிற வியாதிக்கு நான் பாத்ததுலயே பெரிய உதாரணம் அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தான். 1963 பிப்ரவரில தற்கொலை பண்ணிக்கிட்டப்ப, 30 வயசுதான், ஏரியல் தொகுப்ப அவங்களே வரிசை போட்டு கருப்பு பைண்டர் ஒண்ணுல வச்சிட்டுப் போனாங்க. அவங்க வரிசைல முதல் வார்த்தை அன்பு, கடைசி வார்த்தை வசந்தம், குளிர்காலம் தாண்டின தேனீக்கள் பறக்கற இடத்துல புக்கு முடியுது. ஆனா 1965ல வெளிவந்தது அந்தப் புக்கு இல்ல. பிரிஞ்சு போன கணவர் டெட் ஹியூஸ், அவரும் பெரிய கவிஞர்தான், சிலத எடுத்துட்டு கடைசி நாள்கள்ல எழுதினதச் சேத்து வரிசைய மாத்தினார். செத்த பொண்ணு ஒருத்தியப் பத்தின கவிதை கடைசிக்கு முந்தினதா வந்து உக்காந்துருச்சு. இப்ப படிச்சா நேரா சாவுக்கு நடந்து போற மாதிரி இருக்கும். அவங்க போட்ட வரிசைல புக்கு வர 2004 ஆச்சு. கிட்டத்தட்ட 40 வருசம் உலகமே ஒரு தற்கொலைக் குறிப்பப் படிக்கிற மாதிரி அதப் படிச்சிருக்கு. அவரத் திட்டி முடிக்கறது ஈசி, கடைசிக் கவிதைகள் நல்ல கவிதைகள், அத விடவும் முடியாதுதான். ஆனா வசந்தம்னு முடிச்ச பொண்ணோட வாய அதுக்கு முன்னாடியே மூடின மாதிரி ஆகிப்போச்சே.

இவ்ளோ பேசிட்டு உண்மையையும் சொல்லிடறேன். என் செருப்பு கவிதைய நானே இப்ப பழைய மாதிரி படிக்க முடியல. மழை வர்ற மாதிரி இருக்குங்கிற வரி வந்தாலே ஆஸ்பத்திரி வராண்டாதான் கண்ணு முன்னாடி நிக்குது. எழுதின எனக்கே இந்த கதின்னா படிக்கிறவங்கள என்ன சொல்ல.

அம்மா அந்த எட்டு வரியையும் பிரிண்ட் எடுக்கச் சொல்லி லேமினேட் பண்ணி அப்பா போட்டோ பக்கத்துல வச்சிருக்காங்க. அது எதுத்த வீட்டு நாய் தூக்கிட்டுப் போன என் செருப்பும்மான்னு இன்னும் சொல்லல.