ரெண்டு அப் குவார்க் ஏன் தள்ளுப்பட்டு ஓடேல்லை?

போன கிழமை திருநெல்வேலியில வகுப்பு முடிஞ்சு எல்லாரும் சைக்கிள் எடுக்கேக்க ஒரு பிள்ளை திரும்பி வந்து கேட்டாள், "சேர், புரோத்தனுக்குள்ள ரெண்டு அப் குவார்க், ரெண்டுக்கும் +2/3 ஏற்றம், அப்ப ஏன் தள்ளுப்பட்டு ஓடேல்லை?"

குவார்க் எண்டது புரோத்தனையும் நியூத்திரனையும் ஆக்கிற சின்னத் துகள், அப், டவுண் எண்டது அதின்ர வகையள். ஏ.எல். பௌதிகத்தில கடைசி அலகு எண்டு இதை நாங்கள் அரை மணித்தியாலத்தில ஓட்டி முடிக்கிறம், அப்-அப்-டவுண் எண்டா புரோத்தன், அப்-டவுண்-டவுண் எண்டா நியூத்திரன், ஏற்றத்தைக் கூட்டிப்பார், சரி, அடுத்த கேள்வி. அது பிழை எண்டுதான் நான் சொல்லுவன். நிறத்தைச் சொல்லாமல் குவார்க் படிப்பிச்சா ஒண்டுமே படிப்பிக்கேல்லை.

நிறம் எண்டது கண்ணுக்குத் தெரியிற நிறமில்லை, குவார்க்குகளை ஒட்டிவைக்கிற வன்விசைக்கான ஏற்றம், மூண்டு வகை: சிவப்பு, பச்சை, நீலம். குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தா நிறம் அழிஞ்சுபோகும், அது மேசன். ஆனா ரெண்டு குவார்க் சோடி சேரேக்க நடக்கிறதுதான் வடிவு. சிவப்பும் பச்சையும் சரியான விதத்தில சேர்ந்தா அந்தச் சோடி வெளியில ஒரு எதிர்-நீலம் மாதிரி நிக்கும், மூண்டாவது நீலக் குவார்க் அதைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். வன்விசையைக் காவுற துகள் குளுவோன், அப்பிடி ஒரு குளுவோன் பரிமாற்றத்தை மட்டும் வைச்சுக் கணக்குப் போட்டா அந்தச் சோடிக்குள்ள இருக்கிற கவர்ச்சி குவார்க்-எதிர்க்குவார்க் கவர்ச்சியில சரியாப் பாதி. ஒரே நிறமெண்டா தள்ளும். தூர இழுத்தா விசை குறையாது, கிட்டத்தட்ட 16 தொன் பாரம் தொங்குற மாதிரி நிக்கும், மின் தள்ளுகை அதுக்கு முன்னால தூசு.

நிறம் சும்மா அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. டெல்டா ++ எண்ட துகளில மூண்டு அப் குவார்க், மூண்டின்ர சுழற்சியும் ஒரே பக்கம், ஒரே மாதிரியான ரெண்டு குவார்க் ஒரே நிலையில இருக்க ஏலாது எண்ட பௌலி விதிப்படி அப்பிடி இருக்கவே ஏலாது, அதாலதான் 1964இல கிறீன்பேர்க் எண்ட பௌதிகவியலாளர் இன்னொரு குணம் வேணும் எண்டவர்.

இந்தச் சோடிக் கதை இன்னும் முடியேல்லை. 2017இல சேர்ன் எண்ட ஐரோப்பியத் துகள் ஆய்வுகூடத்தில ரெண்டு சார்ம் குவார்க்கும் (அது அப்பை விடப் பாரமான இன்னொரு வகை) ஒரு அப்பும் உள்ள துகளைக் கண்டுபிடிச்சவை, 2021இல ரெண்டு சார்மோட ரெண்டு எதிர்க்குவார்க் உள்ள ஒண்டு, அது இறுக்கமான நாலு பேரா, இல்லாட்டி ரெண்டு மேசன் பக்கத்தில பக்கத்தில நிக்குதா எண்டு இப்பவும் வாதம் நடக்குது. பரீட்சைக்கு வராது எண்டு அந்தப் பிள்ளையளிட்ட இதைச் சொல்லாமல் விடுறது எனக்கு மனசுக்குக் கஷ்டமாயிருக்கு.

சைக்கிளைப் பிடிச்சபடி அரை மணித்தியாலம் நிண்டு கேட்டவள். போகேக்க, "அப்ப அந்தச் சோடியை மட்டும் தனிய வெளியில எடுக்கலாமோ சேர்?" எண்டாள். ஏலாது, அதுக்கும் நிறம் மிச்சம் இருக்கெல்லோ. சனிக்கிழமை கணக்கை விட்டுட்டு இதிலயிருந்துதான் தொடங்கப் போறன்.