சட்டை கொடுத்தோம் என்கிறவர்களுக்கு

முந்தநாள் விடிய றோட்டுக் கூட்டிக்கொண்டு நின்ற துப்புரவுத் தொழிலாளி அக்கா ஒருவரை வாகனம் அடித்தது எல்லாருக்கும் தெரியும், திரும்ப விரிவாக எழுத மனம் வரவில்லை. அந்தச் செய்திக்குக் கீழே வந்த கருத்துகளை வாசித்த பிறகுதான் நித்திரை போய்விட்டது. "விடியக்காலமை றோட்டில நிண்டா அடிபடாமல் என்ன செய்யும்" என்று ஒருவர். "ஜக்கெட் எல்லாருக்கும் குடுத்துத்தான் இருக்கு" என்று பொறுப்பில் இருக்கிற இன்னொருவர்.

இருட்டில் ஆளைக் காட்டுகிற அந்த மஞ்சள் பாதுகாப்புச் சட்டையைக் கொடுத்தது உண்மை. அந்த அக்கா அதைப் போட்டிருந்ததும் உண்மை. அந்தச் சட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தினது. மஞ்சள் வெளிறிப் போய்விட்டது, வெள்ளிப் பட்டி மீன் செதில் மாதிரி வெடித்து, நகத்தால் தொட்டாலே உதிர்கிறது. இரவு அதை மதிலில் தொங்கவிட்டு, போன் லைட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இருபது அடி தள்ளி நின்று பார்த்தேன். சட்டை இருந்த இடமே தெரியவில்லை.

மஞ்சள் துணி வேறு, பட்டி வேறு. அந்தப் பளீர் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கித் தெரிகிற வெளிச்சமாக விடுகிற சாயம், பகலிலும் மைம்மலிலும்தான் அது உதவும். இருட்டில் ஆளைக் காட்டுவது பட்டி. அதில் இருக்கிற பொடிக் கண்ணாடி மணிகள் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்பும். பட்டி செத்துப்போனால் விடிய நாலரைக்கு அது வெறும் துணி. மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் வந்துவிடும். ஆகவே ஒருதரம் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டால் கடமை முடியாது, பழுதானால் மாற்றிக் கொடுக்க வேண்டும், சம்பளத்தில் பிடிக்காமல் கொடுக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா 22 வருடம் தார் றோட்டுப் போட்டவர். வாகனக்காரருக்குத் தெரியட்டும் என்று தலையில் வெள்ளைத் துவாய் கட்டிக்கொண்டு போவார், அம்மா அதை ஒவ்வொரு நாளும் நீலம் போட்டுத் தோய்ப்பார். கடைசிக் காலத்தில்தான் சட்டை வந்தது, அதுவும் நாலு பேருக்கு இரண்டு, முறை வைத்துப் போடுவார்கள். நாவற்குழிப் பக்கம் ஒரு மைம்மல் பொழுதில் உழவு இயந்திரம் இடுப்பில் அடித்தபோது அப்பாவுடைய முறை இல்லை. இன்றைக்கும் மாரி தொடங்கினால் கட்டிலை விட்டு எழும்ப அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

வெயிலுக்கு இதைப் போட ஏலாது என்பார்கள். வலைத்துணியில் தைத்தது இருக்கிறது, காண்டாவன வெயிலிலும் போடலாம். கொடுத்தாலும் சிலர் போடமாட்டார்கள் என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன், போடவைக்கத்தான் மேற்பார்வையாளர் இருக்கிறார். ஆனால் ஆம்பிளைகளின் அளவில் தைத்ததைப் பெண்களுக்குக் கொடுத்தால் குனிந்து கூட்டும்போது முன்னால் தொங்கி விளக்குமாற்றில் சிக்கும், அதை யாராவது கேட்டீர்களா? காசில்லை என்கிறவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. திறப்பு விழாப் பந்தலுக்குக் காசு இருந்தது.

சித்தப்பாவின் மகன் லண்டனில் ரயில்பாதை வேலை. அந்த நாட்டில் 1964இலேயே கிளாஸ்கோவில் பாதைத் தொழிலாளருக்குச் செம்மஞ்சள் சட்டை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதுகாப்பு உடுப்புக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பது அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டம். உடனே "இது லண்டன் இல்லை" என்று எழுத வருவீர்கள். எலும்பு எல்லா ஊரிலும் ஒரே எலும்புதான்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதி துப்புரவாக இருந்தது என்று எத்தனை பேர் படம் போட்டீர்கள். அந்தப் படங்களில் கூட்டின ஆள் ஒருவர்கூட இல்லை. பகலிலேயே எங்கள் கண்ணுக்குத் தெரியாத சனம் அவர்கள், அதுதான் எனக்கு நோகிறது. அவர்களும் அக்கா, அம்மா என்று ஒரு வீட்டில் கூப்பிடப்படுகிறவர்கள்.

நேற்றுப் பின்னேரம் வார்டுக்குப் போனேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அடித்தவனைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, சட்டை கிழிஞ்சு போச்சு, சம்பளத்தில பிடிப்பினமோ?" என்றுதான் கேட்டார்.