பரணில் ஒரு பை

(நாளை மறுநாள் துடுப்புப் படகில் பயணம். தம்பி தரையில் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறான். அக்கா எதையோ தேடிக்கொண்டு வருகிறாள்.)

அக்கா: என் நீலத் துண்டைப் பார்த்தாயாடா? ஆறு மாதமாகத் தேடுகிறேன்.

தம்பி: (வேகமாக) இல்லையே!

அக்கா: இது என்ன, பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டுமாக?

தம்பி: போன், கேமரா, துணி எல்லாம் உள்ளே போட்டு நாலு ரப்பர் பேண்டு போட்டால் முடிந்தது.

அக்கா: படகு கவிழ்ந்தால்?

தம்பி: அஞ்சு.

(ரப்பர் பேண்டை நம்பி வாழ்கிற கூட்டம் பெரியது. இவன் அதில் ஆயுள் உறுப்பினர்.)

அக்கா: போன தடவை வாட்டர்புரூஃப் பை ஒன்று வாங்கினாயே, அது எங்கே?

தம்பி: பரணில். அது ஓய்வெடுக்கட்டும் அக்கா. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். இதோ பார், 60 லிட்டர்! எல்லாம் ஒரே பையில்.

அக்கா: அதில் ஒரு ஓட்டை விழுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும். 20, 10, 5 லிட்டர் என்று மூன்றாக வாங்கு. டார்ச்சைத் தேடி நடு ஆற்றில் உள்சட்டையை எல்லாம் காயப்போட வேண்டியிருக்காது.

தம்பி: சரி. 20 லிட்டர் பையில் கழுத்துவரை திணிக்கலாம் இல்லையா?

அக்கா: அப்புறம் எதைச் சுருட்டுவாய்? வாயை மூன்று சுற்றாவது மடித்து, அதற்கு மேல்தான் கொக்கியை மாட்ட வேண்டும். மேலே இடம் விட்டுத்தான் நிரப்பணும்.

தம்பி: இந்தப் பை பார்க்க அழகாக இருக்கிறது. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருக்கிறது.

அக்கா: அது சாரலுக்குத் தாங்கும், முங்கினால் தாங்காது. ஓரத்தைப் பார், வெறும் தையல். நூல் போன ஓட்டையில் தண்ணீர் போகாதா? சூட்டில் ஒட்டிய ஓரமாக எடு.

தம்பி: போன் உறையில் ஐபிஎக்ஸ்7 என்று இருக்கிறதே?

அக்கா: ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம்.

தம்பி: 31-வது நிமிடம்?

அக்கா: அது உனக்கும் போனுக்கும் உள்ள விவகாரம். உறையில் போட்டு, அதையும் பைக்குள் வை.

தம்பி: நிறம் கரும்பச்சை எடுக்கிறேன். காட்டோடு காடாகப் பொருந்தும்.

அக்கா: தண்ணீர் அடித்துக்கொண்டு போனாலும் காட்டோடு காடாகவே போய்விடும். ஆரஞ்சு எடு. படகோடு சேர்த்துக் கட்டு. உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும்படி மூடினால் மிதக்கும்.

தம்பி: அப்போ நான் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டே...

அக்கா: உனக்கு லைஃப் ஜாக்கெட். பை சாமானுக்கு. அப்புறம், வாங்கியதும் உள்ளே டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார். நனைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

தம்பி: பரணில் இருக்கிற பைக்கு அந்தச் சோதனையே வேண்டாம் அக்கா. நூற்றுக்கு நூறு.

அக்கா: அவ்வளவு நல்ல பை என்றால் புதிது எதற்கு?

தம்பி: அது வந்து... போன தடவை கரையேறினதும் துவட்டிய ஈரத் துண்டை அதற்குள் போட்டு மூடினேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அக்கா: எந்தத் துண்டு?

தம்பி: ...

அக்கா: எந்தத் துண்டுடா?

தம்பி: நீலம்.

அக்கா: ஆறு மாதமாகவா!

தம்பி: வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே இருப்பதை மட்டும் வெளியே விடுமா? பரணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை அக்கா! நேற்றுகூடக் கொக்கியைக் கழற்றிப் பார்த்தேன்.

அக்கா: பார்த்து?

தம்பி: உடனே திருப்பி மாட்டிவிட்டேன். இந்தத் தடவை ஏழு மடிப்பு.