உருக் இருப்பது பக்கத்து மாகாணத்தில்

தெற்கு இராக்கின் பண்டைய மக்களான சுமேரியரின் நகரங்களைப் பற்றி நல்ல கட்டுரை, ஆனால் ஒரு திருத்தம். ஊர் (Ur), எரிது, உருக் ஆகிய மூன்று நகரங்களையும் இராக்கின் தீகார் மாகாணத்திலேயே சேர்த்துவிட்டீர்கள். முதல் இரண்டும் சரி. உருக், அதாவது இன்றைய வர்கா, சமாவாவைத் தலைநகராகக் கொண்ட முத்தன்னா மாகாணத்தில் இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ மூன்றையும் தெற்கு இராக்கின் சதுப்பு நிலங்களோடு ஒரே பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம்.

தீகாரின் தலைநகர் நாசிரியா யூப்ரடீஸ் கரையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரம்தான். சுமேரியரோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை! அங்கிருந்து சிறிது தூரத்திலேயே ஊர் நகரத்தின் சிகுராத், அதாவது படிப்படியாக உயரும் கோயில் கோபுரம். அதன் சுட்ட செங்கற்களுக்கு இடையே சாந்தாக இட்ட கறுப்புத் தார் இன்னும் தெரிகிறது. சில கற்களில் மன்னன் ஊர்-நம்முவின் பெயர் முத்திரை உண்டு. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?