தனியார் அணையும் பள்ளத்து வீடுகளும்

அணைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் நேராக முல்லைப் பெரியாற்றுக்குப் போய்விடுவார்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் உண்டு, நிபுணர் குழு உண்டு, தொலைக்காட்சி விவாதம் உண்டு. நான் பேச வருவது இந்த வரிசையில் எங்கும் இடம்பெறாத அணைகளைப் பற்றி. ஒரு தோட்ட முதலாளியோ, ஒரு கல்லூரியோ, ஒரு கம்பெனியோ தன் நிலத்தில் ஓடையை மறித்துப் போட்ட மண் அணைகள். முப்பது நாற்பது அடி உயரம் இருக்கும். மேலே நின்று பார்த்தால் ஏரி, படம் எடுக்கத் தோன்றும். கீழே வீடுகள். அந்த வீட்டுக்காரர்களில் பலருக்குத் தங்கள் தலைக்கு மேல் தண்ணீர் நிற்பதே தெரிந்திருக்காது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் உங்கள் பெயரில் இருக்கலாம், கரையும் உங்கள் பெயரில் இருக்கலாம். உடைந்தால் வெள்ளம் போகும் பாதைக்கு உங்களிடம் பட்டா கிடையாது. ஆகவே அந்தக் கரை என்ன நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை கீழே குடியிருப்பவருக்குச் சட்டப்படி இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற சிற்றூர். அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. அதன் வளாகத்துக்கு மேலே அருவி. அருவிக்கும் மேலே கல்லூரிக்கே சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை. முதலில் மின்சாரம் எடுப்பதற்காகக் கல்லும் மரமும் அடுக்கிக் கட்டியது. பிறகு அதன்மேல் மண்ணைக் கொட்டிக் கரையாக்கினார்கள், பிறகு இன்னும் உயர்த்தினார்கள். 1957-க்குப் பிறகு மின்சாரமும் எடுக்கவில்லை. வெறும் பொழுதுபோக்கு ஏரி. 1977 நவம்பர் 6, விடிவதற்கு வெகு நேரம் முன்பு, மழைக்குப் பின் கரை உடைந்தது. வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

இதில் என்னை உலுக்குவது ஒரு புகைப்படம். விபத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1973-இல் எடுத்தது. கரையின் வெளிச்சரிவில் ஏறக்குறைய 12 அடி உயரத்துக்கு, 30 அடி அகலத்துக்கு மண் சரிந்து கிடப்பது அதில் தெரிகிறது. மறைவான விரிசல் இல்லை, கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய கசிவும் இல்லை. ஒரு வீட்டின் முகப்பளவுக்குச் சரிந்த மண். யாரோ ஒருவர் எதிரே நின்று அதைப் படமும் எடுத்திருக்கிறார். அதைப் பார்த்து ஏரியின் தண்ணீரைக் குறைக்க யாரும் முன்வரவில்லை. இத்தனைக்கும் கீழே இருந்தது அணையின் சொந்தக்காரருடைய குடும்பம்தான் என்று சொல்லலாம். அதே கல்லூரியின் மாணவர்கள், ஊழியர்கள், அவர்கள் பிள்ளைகள். சொந்தப் பிள்ளைகள் கீழே இருக்கும்போதே இந்தக் கவனம் என்றால், யாரோ எவரோ இருக்கும் இடத்தில் என்ன எதிர்பார்ப்பது?

அணைகளை ஆய்வு செய்ய 1972-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. பணம்தான் ஒதுக்கவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகுதான் அதிபர் கார்ட்டர், தன் சொந்த மாநிலத்தில் நடந்த சாவு என்பதாலோ என்னவோ, தனியார் அணைகள் உள்ளிட்டவற்றை ஆய்வு செய்ய உத்தரவிட்டார்.

மண் அணையைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். ஒன்று, கரைமேல் தண்ணீர் ஏறிப் பாய்வது. கான்கிரீட் அணை அதைக் கொஞ்ச நேரம் தாங்கும், மண் தாங்காது. வெளிச்சரிவு அரிக்கும், பள்ளம் மேல்நோக்கி ஏறும், உச்சி அறுபட்டுவிட்டால் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் மிச்சத் தண்ணீர் வெளியே வழியக் கலிங்கு, அதாவது வழிந்தோடி, என்று ஒன்று வைக்கிறோம். இன்னொன்று, உள்ளே ஊடுருவும் கசிவு. மதகுக் குழாயை ஒட்டியோ, மட்கிப்போன மரவேரின் வழியாகவோ, எலி வளை வழியாகவோ தண்ணீர் பாதை கண்டுபிடிக்கும். கரையடியில் ஈரம் கண்டால் அந்தக் கசிவை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் கண்காணிக்க அவகாசம் இருக்கிறது. அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறக்கத் தொடங்க வேண்டியதுதான். கரையில் பெரிய மரம் நிற்பது பலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புல் மண்ணைப் பிடிக்கும். பெரிய மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டுதான் போகும்.

கலிங்கின் துரதிர்ஷ்டம், அது பெரும்பாலான நாட்கள் சும்மா கிடப்பது. சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்தால் மனிதனுக்குக் கை அரிக்கும். 1889-இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரை அழித்த மண் அணை பெரும் பணக்காரர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமானது. ஏரியில் விட்ட மீன் தப்பிவிடக் கூடாது என்று வழிந்தோடியில் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். வண்டி போக வசதியாகக் கரையின் உயரத்தையும் குறைத்திருந்தார்கள். மே 31 அன்று தடுப்பில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது. 2,209 பேர் இறந்தார்கள். நாமும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. கலிங்கில் நிற்கும் குத்துக்கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் அடைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்கும் வழக்கம் நம் ஏரிகளிலும் இருந்ததுதான். ஆனால் அங்கே அடைப்பவரின் வயலும் அதே கரைக்குக் கீழே இருந்தது. மழை வலுத்தால் அவரே மண்வெட்டியோடு ஓடுவார்.

ஹவாயின் கவாய் தீவில் அப்படி ஓட யாரும் இல்லை. கா லோகோ அணை 1890-இல் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டப்பட்டது. கரும்பு போய், நிலம் கைமாறி, கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு கார் வியாபாரியிடம் வந்திருந்தது. 2006 மார்ச் 14 அதிகாலை, வாரக்கணக்காகப் பெய்த மழைக்குப் பின் உடைந்து ஏழு பேரின் உயிரைக் குடித்தது. அவர்களில் ஒரு கர்ப்பிணியும் ஒரு குழந்தையும் உண்டு. வழிந்தோடி மண்ணால் மூடப்பட்டிருந்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. உரிமையாளர் தரப்பு மறுத்தது. கடைசியில் 2014-இல் ஏழு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அரசு மட்டும் என்ன? சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்திருக்க வேண்டிய ஆய்வு அங்கே நடக்கவே இல்லை. பதிவேட்டில் அந்த அணைக்குக் ‘குறைந்த அபாயம்’ என்று பெயர்.

(உபரித் தகவல்: அந்த நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி அடங்கிய நிலத்தை 2021-இல் வாங்கியவர், நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் முகநூலின் நிறுவனர். ஐயா படித்தால் நல்லது.)

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளைக் கட்டுப்படுத்துகிறது. 10 முதல் 15 மீட்டர் வரையானவை என்றால் கூடுதல் நிபந்தனை ஒன்றாவது பொருந்த வேண்டும்: கரை 500 மீட்டர் நீளம், அல்லது பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு, இப்படி. கெல்லி பார்ன்ஸ் அணையை இதில் வைத்துப் பாருங்கள். உயரம் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கரை 120 மீட்டர் அளவு, உடைந்தபோது இருந்த தண்ணீர் எட்டு லட்சம் கன மீட்டருக்கும் கீழே. அடித்தளம் சிக்கலானது என்றோ வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானது என்றோ யாராவது முடிவு செய்தால் ஒழிய, 39 பேரைக் கொன்ற அணை நம் சட்டத்தின் கண்ணில் படாது. அணையின் உயரத்தை அளக்கிறோம், கீழே எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணுவதில்லை. அணை கட்டியபோது காடாக இருந்த பள்ளத்தில் இன்று மனைப்பிரிவு போட்டிருந்தால் அதே அணை வேறு அணையாகிவிட்டது என்று அர்த்தம். எந்தப் பதிவேடும் அதைத் தானாகத் திருத்திக்கொள்வதில்லை.

‘சின்னத் தோட்டக்காரன் இவ்வளவு செலவுக்கு எங்கே போவான்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹவாயில் சட்டம் கடுமையான பிறகு, பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாமல் அணையையே கைவிட முடிவு செய்தவர்கள் உண்டு. குளம் போனால் பாசனமும் போகும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசு கடன் கொடுக்கட்டும், பாதிச் செலவை ஏற்கட்டும். ஆனால் செலவே இல்லாத பாதுகாப்பு ஒன்று உண்டு. கலிங்கைச் சரிசெய்யப் பணம் வரும்வரை நீர்மட்டத்தை ஆறடி குறைத்து வையுங்கள். அதற்கு மதகு திறந்தால் போதும். துருப்பிடித்து மதகே திறக்காது என்றால், அந்த அணையில் தண்ணீர் தேக்க உங்களுக்கு அருகதை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். கீழே ஒரு வீடு இருந்தாலும் அந்த அணை, உயரம் எதுவானாலும், பதிவேட்டில் ஏற வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு பொறியாளர் கரையை நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த அறிக்கையின் நகல் உரிமையாளரின் அலமாரிக்குப் போவதோடு நிற்காமல், வெள்ளப் பாதையின் வரைபடத்தோடு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இதனால் மனை விலை குறைந்துவிடும் என்று யாராவது வருத்தப்பட்டால், குறையட்டும்.